மாவட்டம் பிரிந்ததும் மாறிய பல்சக்கரம்

"எறங்கு!"

கொள்ளிடக் கரை ஏற்றத்தில் பாதி தூரம் வந்திருப்போம். வண்டி முதல் கியரில் முக்கிக்கொண்டிருந்தது. என் கணவர் செல்வராசு தலையைத் திருப்பாமல் மறுபடியும் சொன்னார்.

"எறங்குன்னா எறங்கேன். ரெண்டு பேரும் பின்னாடியே போயிருவோம்."

குதித்தேன். தோளில் கைப்பை. ஒரு கையில் சாப்பாட்டுப் பை. இன்னொரு கையில் ஆறாம் வகுப்பு அறிவியல் நோட்டுக் கட்டு. புடவையைத் தூக்கிப் பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏற்றத்தில் நடந்தேன். பாரம் இறங்கிய சந்தோஷத்தில் வண்டி விருட்டென்று மேலே போய்விட்டது. அவரும் அதோடு போய்விட்டார்.

கரை மேல் கலியபெருமாள் டீக்கடை. பெஞ்சில் நான்கைந்து பேர் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கலியபெருமாள் டீ ஆற்றுகிற கையை நிறுத்தாமல், உள்ளே இருக்கும் தன் மனைவிக்குக் குரல் கொடுப்பார்.

"டீச்சர் எறங்கிட்டாங்க! இட்லிய எறக்கு!"

அதைக் கிண்டல் என்று மட்டும் சொல்ல முடியாது. அந்தக் கடையில் கடிகாரம் கிடையாது. நான் வண்டியிலிருந்து இறங்கினால் ஒன்பது ஆகப்போகிறது என்று அவர்களுக்குக் கணக்கு. வாரத்தில் ஐந்து நாளும் நான் இறங்கினேன், இட்லியும் இறங்கியது. எனக்கு மானம் போனது.

நந்தி செய்த வேலை

போன வாரம் என் கல்யாணப் பந்தியில் ரசத்துக்கு உப்பு போட மறந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் நாத்தனார் குரும்பலூரிலிருந்து போன் செய்தார். ரசத்தில் உப்பு இருந்ததாம், எனக்குத்தான் நாக்கு சரியில்லையாம். இருக்கலாம். இந்த வாரக் கதையிலும் அவர் வருகிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

திருமழபாடியில் பங்குனியில் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். அதைப் பார்க்கிறவர்களுக்குச் சீக்கிரமே வரன் கூடிவரும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. குரும்பலூர்க்காரரான செல்வராசு புது வண்டி வாங்கிய ஜோரில், எங்கேயாவது தூரமாகப் போக வேண்டும் என்று கிளம்பி வந்தவர். கோயில் வாசலில் கூட்டமாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தார். யார் கல்யாணம் என்றுகூட அவருக்குத் தெரியாது. அந்த ஆவணியிலேயே என் கழுத்தில் தாலி கட்டினார். இதை யாரிடம் போய் முறையிடுவது என்று இன்றுவரை அவருக்குப் பிடிபடவில்லை.

ஆக, அந்த வண்டி எங்கள் கல்யாணத்தைவிடக் கொஞ்சம் மூத்தது. ஜப்பான்காரர் பெயரையும் நம்மவர் பெயரையும் சேர்த்து ஒட்டிய நூறு சிசி வண்டிகள் ஊரெல்லாம் ஓடிய காலம். எங்களுடையது சிவப்பு. வீட்டில் அதற்கு மூத்தாருக்குரிய மரியாதை இருந்தது. மழை வந்தால் முதலில் வண்டியைத்தான் உள்ளே ஏற்றுவார், கொடியில் காயும் துணி பிறகுதான்.

மைலேஜ் சங்கம்

எங்கள் குடித்தனம் அரியலூரில். செல்வராசுவுக்குப் பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. தினமும் வண்டியிலேயே போய் வருவார். அலுவலகத்தின் பின்னால் வண்டி நிறுத்தும் தகரக் கொட்டகையில் சாயங்காலம் ஐந்தே காலுக்கு ஒரு சங்கம் கூடும். மைலேஜ் சங்கம் என்று அதற்குப் பெயர் வைத்தவள் நான்.

"நம்ம வண்டி அறுவத்தஞ்சு குடுக்குது சார்" என்பார் ஒருவர். அடுத்தவர் எழுபது என்பார். எழுபது என்று கேள்விப்பட்டவர் மறுநாள் எழுபத்தைந்தோடு வருவார். இன்னும் கொஞ்ச நாள் விட்டால் வண்டியில் பெட்ரோல் கறக்கலாம் என்பார்கள் போலிருந்தது. அந்தச் சங்கத்தில் தலை நிமிர்ந்து நிற்பதற்காகத்தான் செல்வராசு வண்டியின் பல்சக்கரத்தில் கை வைத்தார்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. எஞ்சின் பக்கம் ஒரு சின்னப் பல்சக்கரம், பின் சக்கரத்தில் ஒரு பெரிய பல்சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரு செயின். முன்னால் பல்லைக் கூட்டிப் பின்னால் குறைத்தால், எஞ்சின் கொஞ்சம் சுற்றினாலே வண்டி நிறைய தூரம் போகும். நேர் ரோட்டில் சத்தமில்லாமல் ஓடும், பெட்ரோல் மிச்சமாகும். ஆனால் இழுவை போய்விடும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். மாற்றிப் போட்டால் மாடு மாதிரி இழுக்கும், வேகம் இருக்காது. இரண்டும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காகக் கம்பெனிக்காரன் நடுவாந்தரமாக ஒன்று போட்டு அனுப்புகிறான். அது ஒருவருக்கும் பிடிப்பதில்லை.

செல்வராசு கம்பெனி செட்டைக் கழற்றிக் கடாசிவிட்டு, முன்னால் ஒரு பல் கூடவும் பின்னால் மூன்று பல் குறையவும் போட்டுக்கொண்டு வந்தார். "நாலாவது கியர்ல போனா எஞ்சினு தூங்குற மாதிரியே இருக்கு" என்று பூரித்தார். வேலை நேரத்தில் தூங்குவதில் அவருக்கு என்ன பெருமை என்று நான் கேட்கவில்லை. அரசு அலுவலர் வீட்டில் அதையெல்லாம் கேட்கக் கூடாது.

விட்டால் விட்டதுதான்

என் பாடு வேறு. திருமழபாடிக்குப் போகிற வழியில் கரையோரத்து ஊர் ஒன்றில், நிதியுதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் நான் ஆசிரியை. அரியலூரிலிருந்து திருமானூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஒரு டவுன் பஸ். டவுன் பஸ் வந்தால் நேரத்துக்குப் போவேன். வராத நாளில் யாராவது சைக்கிளில் வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்து நிற்பேன். ஒரு நாள் அந்த டவுன் பஸ்ஸும் ரூட் மாறிப் போய்விட்டது.

தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். கெட்ட செய்தியைக்கூட மூக்குப்பொடி போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் சொல்வார்.

"இனிமே லேட்டானா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. மேனேஜ்மென்ட்டு வேற ஆளப் பாத்துக்கும்."

அரசுப் பள்ளி என்றால் மாறுதல் கேட்கலாம். எங்கள் நிர்வாகத்துக்கு இருப்பதே அந்த ஒரு பள்ளிதான். விட்டால் விட்டதுதான். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும். இரண்டு கால் உள்ள எதையும் பறவை என்று சாதிக்கிற பிள்ளைகளோடு காலையிலிருந்து மாலைவரை மல்லுக்கட்டுவது எனக்குப் பிடிக்கும். அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

அந்த நேரம் பார்த்து அரசாங்கம் எனக்கு ஒத்தாசைக்கு வந்தது. பெரம்பலூர் மாவட்டத்தைப் பிரித்து, அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். ஊரில் வெடி வெடித்தார்கள், லட்டு கொடுத்தார்கள். செல்வராசுவின் அலுவலகத்தில் பாதி அரியலூருக்கு வந்தது, அந்தப் பாதியில் அவரும் இருந்தார். புது அலுவலகம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். காலையில் வண்டியும் சும்மா நின்றது, ஆளும் சும்மா நின்றார்.

"ஒன்ன ஸ்கூல்ல வுட்டுட்டு வந்துடுறேன். பத்து மணிக்குத்தான ஆபீசு" என்று அவராகவேதான் சொன்னார்.

அப்படித்தான் நாங்கள் கரைக்கு வந்து சேர்ந்தோம். தூங்குகிற எஞ்சினுக்கு இரண்டு பேரோடு கரை ஏறுவது நடக்கிற காரியமாக இல்லை. நான் குறை சொன்னபோது அவர் வண்டியைத் தட்டிக் கொடுத்தபடி சொன்னார்: "வண்டியில ஒண்ணும் இல்ல. நீதான் கொஞ்சம் சதை போட்டுட்ட."

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ரசம் மட்டும்தான். உப்பு போட்டுத்தான் வைத்தேன்.

சாதிக் பாய் பட்டறை

அரியலூர் ரோட்டில் ஓடுகிற வண்டிக்குச் செயின் நெடுநாள் தாங்காது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போகும். ரோடு, வேப்பமரம், நாய், மனிதர் என்று எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். செல்வராசு ஞாயிறுதோறும் செயினுக்குப் பழைய எஞ்சின் ஆயிலைத் தாராளமாக ஊற்றுவார். எண்ணெயில் பொடி அப்பிக்கொண்டு, அம்மியில் அரைக்கிற மாதிரி செயினை அரைக்கும். அதை அவர் பராமரிப்பு என்று சொல்வார்.

ஒரு நாள் ஏற்றத்துக்கு முன்பே செயின் பல்லைத் தாண்டித் தாண்டிக் குதித்தது. யாரும் சொல்லாமலே இறங்கிவிட்டேன்.

ரயில்வே கேட் பக்கம் சாதிக் பாய் பட்டறை. அவர் செயின் கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு விரலால் செயினைத் தூக்கிக் காட்டினார்.

"என்ன சார் இது? செயினா, அரணாக்கயிறா? இப்புடித் தொங்குது!"

பின் சக்கரத்துப் பற்கள் எல்லாம் கூராகத் தேய்ந்து ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"செயின மட்டும் மாத்திடுங்க பாய்" என்றார் செல்வராசு.

"பழைய பல்லுல புதுச் செயினப் போட்டா அதையும் தின்னுரும். மாத்துனா மூணையும் சேத்து மாத்தணும். மாட்டேன்னா இப்புடியே ஓட்டுங்க. அல்லா பாத்துக்குவான்."

"சரி, மூணையும் மாத்துங்க. அதே பல்லு."

"அதே பல்லு வேணாம்" என்றேன் நான்.

அங்கே வண்டியின் பல்லைப் பற்றி ஒரு பொம்பளை பேசி யாரும் கேட்டதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர், காற்றடிக்க வந்தவர், வேறு வேலையே இல்லாமல் நின்றவர், எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. நான்கு கேன் கட்டிய வண்டியோடு நின்ற பால்காரர் ஒருவர் மட்டும் என்னைப் பார்த்துப் பேசினார்.

"டீச்சர், என் வண்டியப் பாருங்க. முன்னாடி சின்னது, பின்னாடி பெருசு. நாலு கேனும் ரொம்ப இருந்தாலும் வாய்க்கா கரையில தூக்கிட்டுப் போவும்."

"எனக்கு இவரு செட்டு" என்றேன்.

செல்வராசுவுக்கு முகம் சிவந்தது. "நான் என்ன பால்காரனா?"

"ஏன் சார், பால்காரனுக்கு என்ன கொறச்ச?" என்றார் பால்காரர்.

செல்வராசு குரலைத் தணித்துக்கொண்டார். "மைலேஜு போயிரும்மா."

"ஆபீசுக்கு நடந்து போறீங்க. மைலேஜு யாருக்கு?"

அவர் யோசித்தார். அலுவலகத்தில் கோப்பைப் பார்ப்பது போலவே முகத்தை வைத்துக்கொண்டு யோசித்தார். கடைசியில் சொன்னார்: "சரி, போடுங்க பாய். மாவட்டம் இனிமே ஆயுசுக்கும் இங்கதான். கெசட்டுலயே வந்துருச்சு."

அரசாணையைப் பார்த்து வண்டிக்குப் பல் கட்டிய மனிதர் இந்த நாட்டிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

சாதிக் பாய் நீளமான புதுச் செயின் போட்டு, லாக்கை மாட்டி, கவரை மூடினார். பேச்சு சுவாரசியத்தில் ஒரு ஸ்பேனரையும் உள்ளே வைத்து மூடிவிட்டார். வண்டியைத் தள்ளியதும் கடகடவென்றது. மறுபடி கழற்றி மாட்டினார். "செட்டு நல்ல செட்டு, ஓட்டுங்க" என்றார். செட்டைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான்.

மறுநாள் கரை வந்தது. பழக்கதோஷத்தில் நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு தயாரானேன். "இரு, இரு" என்றார் அவர். வண்டி இரண்டாவது கியரிலேயே ஏறிக் கரை மேல் போய் நின்றது. பெஞ்சில் இருந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். கலியபெருமாளுக்கு அறிவிக்க ஒன்றும் இல்லை. அன்று அந்தக் கடையில் இட்லி குழைந்துபோனதாம்.

"டீச்சர், மணி தெரிய மாட்டேங்குதுங்க. வர்றப்ப ஒரு ஆரன் அடிச்சுட்டுப் போங்க" என்று இரண்டு நாள் கழித்துக் கேட்டுக்கொண்டார். தினமும் அடித்தோம்.

மறுபடியும் ஒன்றானோம்

வருஷம் ஒன்று, அதற்கு மேல் கொஞ்சம் ஓடியது. அரசாங்கத்துக்கு என்ன தோன்றியதோ, பிரித்ததை மறுபடி சேர்த்துவிட்டார்கள். அரியலூர் திரும்பவும் பெரம்பலூர் மாவட்டத்துக்குள் போனது. இந்த முறை வெடி எங்கள் ஊரில் வெடிக்கவில்லை. எனக்குத் தெரிந்து இரண்டு தடவையும் சந்தோஷப்பட்ட ஒரே ஆள், பெயர்ப்பலகை எழுதுகிற பெயின்டர்தான்.

மேசை, பீரோ, கோப்புக் கட்டுகளோடு செல்வராசுவும் பெரம்பலூருக்குத் திரும்பினார். விடியும்போதே என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு அங்கிருந்து ஓடுவார். அதே நேர் ரோடு. ஆனால் அடியில் இருந்தது பால்காரர் செட்டு. ஐம்பதைத் தொட்டால் எஞ்சின் வீல் வீலென்று கத்தியது. லாரிக்காரர்கள் பின்னாலேயே ஆரன் அடித்துக்கொண்டு வந்தார்கள். மைலேஜ் சங்கத்தில், "சார், இன்னிக்கு எத்தன லிட்டரு ஊத்துனீங்க?" என்று கேட்டார்களாம். பெட்ரோலையா பாலையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் காது அடைத்துப்போய், நான் எதைச் சொன்னாலும் "என்ன?" என்றார்.

இந்த நேரத்தில்தான் நாத்தனார் வந்தார். கையில் முறுக்கு, மனதில் ஒரு திட்டம். பெரம்பலூரில் ஒரு மாடி வீடு பார்த்துவிட்டாராம். தண்ணீர் இருக்கிறது, காற்று வருகிறது, குரும்பலூரிலிருந்து தினமும் வந்து பார்த்துக்கொள்ளலாம். யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை.

"வேலைய வுட்டுட்டுப் பேசாம வந்துடு. அவன் சம்பாதிக்கிறது போதாதா? பாவம், நாயா அலையிறான்."

நான் செல்வராசுவைப் பார்த்தேன். அவர் முறுக்கைப் பார்த்தார். நாத்தனார் சொன்னதுகூட எனக்கு வலிக்கவில்லை. இவர் வாயைத் திறக்காமல் முறுக்கை உடைத்துக்கொண்டிருந்ததுதான் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தவர் வாசலில் நின்று சொன்னார்: "பழைய செட்டையே போட்டுடலாம்னு பாக்குறேன். நீ எப்புடியும்..."

எப்படியும் வேலையை விடப்போகிறவள்தானே என்று அர்த்தம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

வெட்டாதீங்க

சாதிக் பாய் செயினைக் கழற்றி ஒரு இரும்புத் துண்டின் மேல் நீட்டி வைத்தார். பல் குறைந்த செட்டுக்கு அந்தச் செயின் நீளம். இரண்டு கண்ணி வெட்டினால்தான் பொருந்தும். வெட்டிவிட்டால் பால்காரர் செட்டுக்கு அது எட்டாது. அவர் உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

"வெட்டாதீங்க பாய்" என்றேன்.

சுத்தியல் அப்படியே நின்றது.

"ஏன்?" என்றார் செல்வராசு.

"இத வெட்டுனா வண்டி பெரம்பலூரு ரோட்டோட போயிரும், கரைப் பக்கமே வராது. நான் நேரத்துக்குப் போவ முடியாது. வேல போயிரும். அப்புறம் ஒங்க அக்கா பாத்து வச்ச மாடி வூட்ல ஒக்காந்து ஒங்க மைலேஜ எண்ணிக்கிட்டு இருக்கணும். என்னால ஆவாது."

"அப்ப நான் எப்புடி ஆபீசுக்குப் போறது?"

"பெரம்பலூருக்கு நிக்கிற எடத்துல எல்லாம் பஸ்ஸு. எனக்குத்தான் ஒண்ணும் இல்ல. நீங்க பஸ்ஸுல போங்க. வண்டி எனக்கு."

"நீ ஓட்டுவியா?"

"ஓட்டுவேன்."

எனக்கு அப்போது சைக்கிள் மட்டும்தான் தெரியும். கிளட்ச் எந்தக் கையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் சுத்தியல் அவ்வளவு உயரத்தில் நிற்கும்போது அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

சாதிக் பாய் சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார். "சார், இது குடும்ப விஷயம். நான் ஒரு டீ சாப்ட்டு வந்துடுறேன்." போகிற போக்கில் பட்டறையில் இருந்த மற்றவர்களையும் கிளப்பிக்கொண்டு போனார். ஒருவருக்கும் போக மனமில்லை.

செல்வராசு பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் செயின் கிடந்தது. அதன் ஒரு கண்ணியை விரலால் நிமிண்டியபடி சொன்னார்.

"எனக்கும் அந்த மாடி வூடு வேணாம்."

"என்ன?" இந்த முறை எனக்குக் காது அடைத்தது.

"அக்கா தெனமும் வரும். காலையில வரும், சாயங்காலம் வரும். என்னால முடியாது சாமி."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"அக்காகிட்ட யாரு சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. டீ குடித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள் சிரிப்பதைப் பார்த்து முகம் வாடிப்போனார்கள். அவர்கள் எதிர்பார்த்தது வேறு. சாதிக் பாய் எதுவும் கேட்காமல் அதே செயினை, அதே பல்லில், இருந்த மாதிரியே மாட்டினார்.

ஏரிக்குள் ஒரு பள்ளிக்கூடம்

வண்டி பழகத் தண்ணீரில்லாத ஏரியை விட நல்ல இடம் கிடையாது. முட்டுவதற்கு ஒன்றும் இருக்காது என்று செல்வராசு சொன்னார். முதல் ஞாயிறே ஒரு கருவேல முள்ளுக்குள் போய் நின்றேன். முள்ளை எடுத்துவிட்டுக்கொண்டே, "அவ்வளவு பெரிய ஏரியில அந்த ஒரு மரந்தான் ஒனக்குத் தெரிஞ்சுதா?" என்றார்.

ஆனால் பால்காரர் செட்டு பழகுகிறவர்களுக்கென்றே செய்ததாக இருந்தது. கிளட்சைப் படக்கென்று விட்டாலும் வண்டி நிற்காது, தவழ்ந்தாவது போகும். வேகமாகப் போகலாம் என்றாலும் போகாது. செல்வராசு, "கிளச்சு! கிளச்சு!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார். ஏரியில் மேய்ந்த ஆடுகள்கூடக் கொஞ்ச நாளில் அந்தச் சத்தத்துக்குத் தலை தூக்குவதை நிறுத்திவிட்டன.

வேலைக்குச் சுடிதாரில் கிளம்பி, பள்ளியில் சத்துணவுக்கூடத்து அரிசி மூட்டைகளுக்கு நடுவில் புடவைக்கு மாறுவேன். வண்டி ஓட்டுவதைப் பற்றித் தலைமை ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுடிதாரைப் பார்த்தால் மட்டும் வானத்தைப் பார்ப்பார்.

தனியாகக் கரை ஏறும் நாள் வந்தது. இரண்டாவது கியர், வேகத்தைக் குறைக்காதே, கீழே பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டி ஒரு குறையும் சொல்லாமல் ஏறியது. கலியபெருமாள் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதி அவர் காலிலேயே விழுந்தது. நான் ஆரன் அடித்துவிட்டு நிற்காமல் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், கழுத்தில் தாலி ஏறியபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

செல்வராசு பஸ்ஸில் போனார். ஜன்னலோரம் இடம் பிடித்து உண்மையாகவே தூங்கினார். மைலேஜ் சங்கத்திலிருந்து விலகிவிட்டதாக ஒரு நாள் சொன்னார். அவரை நீக்கிவிட்டார்கள் என்று எனக்கு வேறு வழியில் தெரியவந்தது.

மறுபடியும் பிரிந்தோம்

சில வருஷம் கழித்து அரியலூரை மறுபடியும் தனி மாவட்டம் ஆக்கினார்கள். வெடி, லட்டு, பெயின்டர். அதற்குள் செயின் செட் ஒரு முறை தேய்ந்து மாற்றியாகிவிட்டது. சாதிக் பாய் என்னிடம் ஒன்றும் கேட்காமல் அதே பல்லைத்தான் போட்டார்.

செல்வராசு திரும்ப அரியலூருக்கு வந்தார். மாவட்டம் வந்துவிட்டது, அலுவலகத்துக்கு நாற்காலி வரவில்லை. நின்றுகொண்டே எத்தனை பேர் வேலை பார்ப்பது? ஒரு நாள் லீவு போடச் சொல்லி அதிகாரியே அனுப்பிவிட்டார்.

காலையில் நான் வண்டியைக் கிளப்பும்போது, அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"மழபாடி கோயிலுக்குப் போயி எவ்வளவு நாளாச்சு. ஒன்ன வுட்டுட்டு அப்புடியே போயிட்டு வரேன். சாவியக் குடு."

"பின்னாடி ஒக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். என் கைப்பை, சாப்பாட்டுப் பை, நோட்டுக் கட்டு எல்லாவற்றையும் அவர் மடியில் வைத்தேன். திருமானூர் வரைக்கும், "லாரி, லாரி... பிரேக்கு... மெதுவா" என்று வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தார். இந்த ஐந்தாறு வருஷமாக நான் எப்படிப் போய் வந்தேன் என்று நினைத்தாரோ தெரியவில்லை.

கரை வந்தது. இரண்டாவது கியர். வண்டி எந்தச் சிரமமும் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. பாதி ஏற்றத்தில் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினேன். தலையைத் திருப்பாமல் சொன்னேன்.

"எறங்குங்க."

"ஏன்? நல்லாத்தான ஏறுது?"

"ஏறும். எறங்குங்க."

பின்னால் பைகளை அள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு வண்டி லேசானது. நான் கிளட்சை விட்டேன். பால்காரர் செட்டுக்குப் பாதி மேட்டில் நின்று கிளம்புவதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. கரை மேல் ஏறி, டீக்கடை முன்னால் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். தோளில் கைப்பை, ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் நோட்டுக் கட்டு. வேட்டியைத் தூக்கிப் பிடிக்கக் கை இல்லாமல் அதன் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, என் கணவர் ஏறி வந்துகொண்டிருந்தார்.

கலியபெருமாள் டீ ஆற்றுகிற கையை நிறுத்தவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சார் எறங்கிட்டாரு! இட்லிய எறக்கு!"